தவறு கண்ணில் பட்டும் பணியாளர் புகார் கொடுக்கத் தயங்குவது எதனால்?

பேரேடு:
கணக்குப் பிரிவில் 11 ஆண்டுகளாக வேலை செய்கிறேன். சில மாதங்களாக மனத்தை அரித்துக்கொண்டிருக்கும் ஒரு கேள்வியை உங்கள் முன் வைக்கிறேன். எங்களுக்குப் பொருள் வழங்கும் ஒருவரின் பில்கள் மாதந்தோறும் என் மேசைக்கு வரும். ஒரு நாள் பழைய கோப்பைப் புரட்டியபோது, அடுத்தடுத்த மூன்று மாதங்களில் அவர் கொடுத்த பில்களின் எண்கள் 114, 115, 116 என்று வரிசையாக இருந்ததைக் கவனித்தேன். வியாபாரம் செய்கிற ஒருவருக்கு மூன்று மாதங்களில் எங்களைத் தவிர வேறு ஒரு வாடிக்கையாளர்கூடக் கிடைக்கவில்லையா? தொகைகளும், கொள்முதல் மேலாளர் தம் ஒற்றைக் கையெழுத்தில் ஒப்புதல் தரக்கூடிய வரம்புக்குச் சற்றுக் கீழேயே நின்றன. பார்த்த மாத்திரத்தில் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஆனாலும் ஐந்து மாதங்கள் நான் வாய் திறக்கவில்லை. கடைசியில் வெளித்தணிக்கையாளர்கள் வந்துதான் அதைக் கண்டுபிடித்தார்கள்.

பயந்துவிட்டேன் என்று சொல்லிவிட்டால் பேச்சு எளிதாக முடிந்துவிடும். ஆனால் வேலை போய்விடும் என்று நான் ஒரு நாளும் எண்ணவில்லை. எனக்குத் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது, இரண்டு ஆண்டுகளுக்கு முன் எங்கள் கிடங்கில் பணியாற்றிய ஓர் அம்மாவின் முகம். அவர் ஏதோ ஒன்றைப் பற்றி மேலிடத்துக்குப் புகார் எழுதினார்; ஆறு மாதம் கழித்து வேறு கிளைக்கு மாற்றப்பட்டார். அவருக்கு என்ன ஆனது என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். அவருடைய புகாருக்கு என்ன ஆனது என்பது ஒருவருக்கும் தெரியாது. இந்த இரண்டில் எது என் வாயைக் கட்டியது என்பதைத்தான் இன்று வரை என்னால் பிரித்துப் பார்க்க முடியவில்லை. வேறு வேறு துறைகளில் இருப்பவர்கள் தங்கள் அனுபவத்தையும் படித்து அறிந்ததையும் எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

உள்தணிக்கை:
ஐயா, நான் உள்தணிக்கைத் துறையில் இருக்கிறேன். நீங்கள் எழுதியதைப் படித்தபோது, எங்களிடம் வந்து சேராத எத்தனையோ செய்திகளை நினைத்து வருந்தினேன். மோசடி ஆய்வாளர்களின் சர்வதேசச் சங்கம் இரண்டு ஆண்டுகளுக்கு ஒரு முறை வெளியிடும் அறிக்கையில், வெளிச்சத்துக்கு வந்த மோசடிகளில் நூற்றுக்கு 40-க்கும் மேற்பட்டவை யாரோ ஒருவர் கொடுத்த தகவலால்தான் வெளிப்பட்டன என்று தொடர்ந்து பதிவாகிவருகிறது. அந்தத் தகவல்களிலும் பாதிக்கு மேல் பணியாளர்களிடமிருந்து வந்தவை. எங்கள் தணிக்கைத் திட்டங்களும் மாதிரிச் சோதனைகளும் சேர்ந்து பிடிப்பது அதைவிட மிகக் குறைவு. மூன்று பில் எண்களை ஒன்றாக வைத்துப் பார்க்கும் கண் அந்த மேசையில் அமர்ந்திருப்பவருக்குத்தான் வாய்க்கும்.

பயத்தையும் நம்பிக்கையின்மையையும் நீங்கள் பிரித்துப் பார்க்க முயல்வது மிகச் சரி. எங்களிடம் பிற்பாடு மனம் திறந்தவர்களில் பெரும்பாலானோர் சொன்னது "சொல்லி என்ன ஆகப்போகிறது" என்பதைத்தான். பழிவாங்குவார்கள் என்ற அச்சம் அதற்கு அடுத்தபடியாக வரும். மூன்றாவதாக, அதிகம் பேசப்படாத காரணம் ஒன்று உண்டு: முழு ஆதாரம் கையில் கிடைத்த பிறகே சொல்ல வேண்டும் என்ற தவறான எண்ணம். பணியாளர் ஆதாரம் திரட்டத் தொடங்கினால் கோப்புகளை நகலெடுப்பார், யாராவது பார்த்துவிடுவார்கள், அவர்மீதே நடவடிக்கை பாயும். சந்தேகத்துக்கு நியாயமான அடிப்படை இருந்தால் போதும். அதை நிரூபிப்பது எங்கள் வேலை, உங்கள் வேலை அல்ல.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், ஏனெனில் உங்களை நீங்களே குற்றவாளிக் கூண்டில் நிறுத்திக்கொள்வதாகத் தெரிகிறது. ஆம்ஸ்டர்டாமில் உளவியலாளர்கள் பியரோ பொக்கியாரோ, ஃபிலிப் சிம்பார்டோ உள்ளிட்டோர் நடத்தி 2012-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. புலன்களை முடக்கிவைக்கும் ஒரு சோதனையின் கொடிய விளைவுகளை மாணவர்களிடம் முதலில் சொன்னார்கள். பிறகு அதே சோதனையில் சேருமாறு சக மாணவர்களைத் தூண்டிக் கடிதம் எழுதச் சொன்னார்கள். நெறிமுறைக் குழுவிடம் முறையிடுவதற்கான படிவமும் அதைப் போடுவதற்கான பெட்டியும் கைக்கெட்டும் தூரத்திலேயே இருந்தன. இப்படி ஒரு நிலை வந்தால் என்ன செய்வீர்கள் என்று வேறு 138 மாணவர்களிடம் கேட்டபோது, 64.5 விழுக்காட்டினர் முறையிடுவோம் என்றார்கள். உண்மையில் அந்த நிலையில் நிறுத்தப்பட்ட 149 பேரில் முறையிட்டவர்கள் 9.4 விழுக்காடுதான், 76.5 விழுக்காட்டினர் சொன்னபடி எழுதிக் கொடுத்தார்கள். ஆளுமைச் சோதனைகளை வைத்துப் பார்த்தாலும் முறையிட்டவர்களுக்கும் பணிந்தவர்களுக்கும் சொல்லத்தக்க வேறுபாடு தென்படவில்லை. துணிச்சல் என்பது ஒருவருக்குள் பிறவியிலேயே இருப்பது, இன்னொருவருக்கு இல்லாதது என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். இந்த எண்களைப் பார்த்த பிறகு நான் அப்படிச் சொல்வதை நிறுத்திக்கொண்டேன்.

இரவுப்பணி:
நான் செவிலியர். உங்கள் இருவர் பேச்சிலும் வராத ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். தவறு செய்தவர் நமக்கு யார் என்பதுதான் எல்லாவற்றுக்கும் முன்னால் வந்து நிற்கிறது.

எங்கள் பிரிவில் வலுவான வலி மருந்துகளைப் பூட்டிய அலமாரியில் வைத்திருப்போம். ஒவ்வொரு முறையும் எடுத்த அளவு, கொடுத்த அளவு, மீதியைக் கொட்டிய அளவு ஆகியவற்றைப் பதிவேட்டில் எழுதி, இரண்டு பேர் கையெழுத்திட வேண்டும். கொட்டுவதைக் கண்ணால் பார்த்தவர்தான் இரண்டாவது கையெழுத்தைப் போட வேண்டும். ஓர் அக்கா மட்டும் விடியற்காலையில் பதிவேட்டை நீட்டி, மூன்று நான்கு வரிகளுக்குச் சேர்த்துக் கையெழுத்துக் கேட்பார். கொட்டியதை நான் பார்த்ததில்லை. சிறு குழந்தைக்கு எப்படி நரம்பைக் கண்டுபிடிப்பது என்று என் விரலைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தவர் அவர். என் தந்தை இறந்தபோது எனக்குப் பதிலாக நான்கு இரவுகள் நின்றவர். அந்தக் கையெழுத்தைப் போடும்போது தவறு என்ற சொல்லே என் மனத்தில் எழவில்லை. நன்றி என்ற சொல்தான் இருந்தது.

அதை நான் சொன்னேன், தாமதமாக. அவர் அந்த மருந்தைத் தமக்கே பயன்படுத்திக்கொண்டிருந்தார். சிகிச்சை பெற்று மீண்டார். அவருக்கும் நான் கெடுதல்தான் செய்துகொண்டிருந்தேன் என்பது பிறகுதான் எனக்கு உறைத்தது. 2013-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், நியாயத்தைப் பற்றிச் சிறு கட்டுரை எழுதியவர்கள் தவறைச் சொல்லக் கூடுதலாக முன்வந்தார்கள் என்றும் விசுவாசத்தைப் பற்றி எழுதியவர்கள் பின்வாங்கினார்கள் என்றும் படித்தேன். எனக்கு அது புதிய செய்தியாகவே படவில்லை. புகார் கொடுப்பதைத் துரோகம் என்ற சொல்லால் குறிக்கும் இடத்தில், நல்லவர்கள்தான் முதலில் மௌனமாகிறார்கள்.

கிளை மேலாளர்:
எல்லோரும் ஒரே பக்கம் பேசுவதால் மறுபக்கத்தையும் பதிவு செய்கிறேன். எனக்குக் கீழே 60 பேர் இருக்கிறார்கள். வருகிற புகார்களில் ஒரு பகுதி, பதவி உயர்வு கிடைக்காத ஆத்திரத்தில் எழுதப்படுபவை. பெயரில்லாத ஒரு கடிதத்தால் நேர்மையான ஓர் அலுவலர் எட்டு மாதம் விசாரணையில் நின்றதை நான் நேரில் கண்டிருக்கிறேன். குற்றமற்றவர் என்று முடிவான பிறகும் அவரிடம் பழையபடி பேசியவர்கள் சிலர்தான். புகார் கொடுப்பதை எளிதாக்குங்கள் என்று சொல்பவர்கள், குற்றம் சாட்டப்பட்டவரின் மானத்துக்கு யார் பொறுப்பு என்பதையும் சொல்ல வேண்டும். அதோடு, புகார்கள் பெருகினால் தலைமை அலுவலகம் அதை என் நிர்வாகக் குறையாகவே பார்க்கிறது. இதுவும் உண்மை.

உள்தணிக்கை:
மேலாளர் ஐயா, நீங்கள் கடைசியாக எழுதிய இரண்டு வாக்கியங்களுக்காக நன்றி சொல்கிறேன். நோயின் வேர் அங்கேதான் இருக்கிறது. புகார் எண்ணிக்கை உயர்ந்தால் மேலாளருக்குக் கெட்ட பெயர் என்றால், எண்ணிக்கையைக் குறைக்க அவர் தெரிந்தோ தெரியாமலோ வழி தேடுவார். நிறுவனங்களின் செயல்பாட்டை ஆராயும் ஏமி எட்மன்ட்சன் 1990-களில் மருத்துவமனைக் குழுக்களை ஆராய்ந்தபோது, நல்ல குழுக்களில் மருந்துப் பிழை குறைவாகப் பதிவாகும் என்று எதிர்பார்த்தார், கிடைத்ததோ நேர்மாறு. நல்ல தலைமை உள்ள குழுக்களில்தான் பிழைகள் அதிகமாகப் பதிவாகியிருந்தன, ஏனெனில் அங்கே அவற்றை மறைக்க வேண்டிய தேவை இல்லை. அமெரிக்க நிறுவனங்களின் உட்புகார்ப் பதிவுகளை ஆராய்ந்து 2020-இல் வெளிவந்த ஓர் ஆய்வும், உட்புகார்கள் அதிகமாக வரும் நிறுவனங்களில் பிற்கால வழக்குகளும் இழப்பீட்டுத் தொகைகளும் குறைவாக இருப்பதைக் காட்டியது. புகாரே வராத கிளையைப் பார்த்தால் எனக்கு நிம்மதி வருவதில்லை.

பொய்ப் புகாரைப் பற்றி நீங்கள் சொல்வதையும் நான் ஏற்கிறேன். ஆனால் அதற்கான மருந்து விசாரணையின் தரத்தில் இருக்கிறது. எட்டு மாதம் இழுத்தது விசாரணை அலுவலரின் பிழை; கடிதம் எழுதியவர் அந்த எட்டு மாதத்தைத் தீர்மானிக்கவில்லை. விரைவாகவும் ரகசியமாகவும் விசாரித்திருந்தால் அந்த அலுவலரின் பெயர் வெளியே வந்திருக்கவே வேண்டியதில்லை.

தொழிலாளர் வழக்கறிஞர்:
சட்டத்தின் பக்கத்தையும் சேர்க்கிறேன். ஐரோப்பிய ஒன்றியம் 2019-இல் கொண்டுவந்த நெறியாணை, 50 பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் நிறுவனங்கள் உட்புகார் வழியை ஏற்படுத்த வேண்டும் என்கிறது. புகார் கிடைத்த ஏழு நாட்களுக்குள் ஒப்புகை தர வேண்டும். மூன்று மாதங்களுக்குள் என்ன செய்யப்பட்டது என்பதைத் தெரிவிக்க வேண்டும். புகார் கொடுத்தவருக்கு அதன்பின் ஏதேனும் பாதகம் நேர்ந்தால், அது புகாருக்காகச் செய்யப்பட்டதல்ல என்று நிறுவனமே நிரூபிக்க வேண்டும். பொய்யென்று தெரிந்தே புகார் கொடுப்பவருக்குத் தண்டனையும் அதே நெறியாணையில் உண்டு; மேலாளர் கவலைப்பட்ட இடம் விடுபடவில்லை. நிரூபிக்கும் சுமை யார் தலையில் என்பதுதான் நீதிமன்றத்தில் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். பழிவாங்கல் ஒருபோதும் பழிவாங்கல் என்ற பெயரோடு வருவதில்லை. நிர்வாகக் காரணங்களுக்கான மாறுதல், பணி மதிப்பீட்டில் ஒரு படி குறைவு, கூட்டங்களுக்கு அழைப்பு வராமல் போவது என்றுதான் வரும். அதை நிரூபிக்கும் பொறுப்பைப் பணியாளரிடம் விட்டால், எழுத்தில் பாதுகாப்பு இருந்தும் கையில் ஒன்றும் இருக்காது.

அமெரிக்காவில் 2010-ஆம் ஆண்டின் நிதித்துறைச் சீர்திருத்தச் சட்டமான டாட்-ஃபிராங்க் சட்டம் இன்னொரு வழியில் போனது. பங்குச் சந்தை ஒழுங்காணையத்துக்குக் கொடுத்த தகவலால் 10 லட்சம் டாலருக்கு மேல் தண்டம் விதிக்கப்பட்டால், தகவல் தந்தவருக்கு வசூலான தொகையில் 10 முதல் 30 விழுக்காடு வரை பரிசு உண்டு. பணம் ஆசை காட்டிப் பொய்யை வளர்க்கும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். நான் அதை அப்படிப் பார்க்கவில்லை. தொழில் வாழ்க்கையே முடிந்துபோகும் என்று தெரிந்து வெளியே வருகிறவருக்கு அது இழப்பீடுதான். ஆனால் பேரேடு அவர்கள் போன்ற ஒருவரை, முதல் நாளில் தம் மேலதிகாரியிடம் வாய் திறக்க வைப்பதற்குப் பரிசுத் தொகை உதவாது.

ரகசியம் காப்பதும் பெயரில்லாமல் இருப்பதும் ஒன்றல்ல என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். முன்னதில் ஒருவருக்குப் பெயர் தெரியும், அவர் காக்க வேண்டும். பின்னதில் யாருக்கும் தெரியாது. இந்திய தேசிய நெடுஞ்சாலைத் திட்டத்தில் பணியாற்றிய பொறியாளர் சத்யேந்திர துபே, முறைகேடுகளைப் பற்றிப் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதியபோது தம் பெயரை வெளியிட வேண்டாம் என்று கேட்டிருந்தார். கடிதமோ அவருடைய பெயரோடேயே மேசை மேசையாகக் கடந்து சென்றது. 2003 நவம்பரில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். வழக்கு அதை வழிப்பறியில் நேர்ந்த கொலை என்றே முடித்தது. அந்த முடிவு எதுவாயினும், காக்கச் சொன்ன பெயர் காக்கப்படவில்லை என்பதை அறிந்த பணியாளர், அடுத்த கடிதத்தில் கையெழுத்திடுவதற்கு முன் நிச்சயம் யோசிப்பார்.

ஒப்பந்தப் பணியாளர்:
நிரந்தரப் பணியாளர்கள் பேசிக்கொண்டிருக்கிறீர்கள். என் ஒப்பந்தம் 11 மாதம். புதுப்பிக்காமல் விட்டால் அதற்குக் காரணம் சொல்லக்கூட யாருக்கும் கடமை இல்லை. மேலும், எனக்கு ஊதியம் தருவது ஒரு நிறுவனம், வேலை வாங்குவது இன்னொரு நிறுவனம். பாதுகாப்புக் கவசம் இல்லாமல் ஆட்களை உயரத்தில் ஏற்றுவதைப் பற்றி நான் யாரிடம் சொல்ல வேண்டும் என்று இரண்டு இடங்களிலும் கேட்டேன். இரண்டு இடத்திலும் மற்ற இடத்தைக் காட்டினார்கள். யாரிடம் சொல்வது என்பதே தெரியாதவருக்கு மனவுறுதியைப் பற்றிய பேச்சு பயன்படாது.

பேரேடு:
எல்லோர் கருத்துகளையும் இரண்டு மூன்று முறை படித்தேன். செவிலியர் அம்மா எழுதியதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஒன்றை நான் முதலில் எழுதாமல் விட்டுவிட்டேன். அந்தப் பில்களை எங்கள் பிரிவில் நான்கு பேர் கையாள்கிறோம். ஒருவர் பதிவு செய்வார், ஒருவர் சரிபார்ப்பார், நான் பேரேட்டில் ஏற்றுவேன், நான்காமவர் காசோலை தயாரிப்பார். விஷயம் வெளிவந்த பிறகு தேநீர் வேளையில் பேசியபோதுதான், நான்கு பேருமே அதைக் கவனித்திருந்தோம் என்பது தெரிந்தது. ஒவ்வொருவரும் மற்ற மூவரில் ஒருவர் சொல்லியிருப்பார் என்று நினைத்திருந்தோம். உளவியலாளர்கள் ஜான் டார்லியும் பிப் லடானேயும் 1968-இல் வெளியிட்ட சோதனையைப் பற்றிக் கல்லூரியில் படித்திருக்கிறேன். பக்கத்து அறையில் ஒருவர் வலிப்பு வந்து துடிப்பதாகக் கேட்கும் குரலைத் தாம் மட்டுமே கேட்பதாக நம்பியவர்களில் 85 விழுக்காட்டினர் உதவி தேடி எழுந்தார்கள். இன்னும் நான்கு பேர் கேட்டுக்கொண்டிருப்பதாக நம்பியவர்களில் 31 விழுக்காட்டினர்தான் எழுந்தார்கள். தேர்வில் அதை எழுதி மதிப்பெண்ணும் வாங்கினேன். என் மேசையிலேயே அது நடந்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை.

எங்களில் யாராவது ஒருவர் "இந்த எண்களைப் பார்த்தீர்களா" என்று வாய்விட்டுக் கேட்டிருந்தால் மற்ற மூவரும் பேசியிருப்போம். புகார்கூட வேண்டாம், அந்த ஒரு கேள்வி போதுமாயிருந்திருக்கும்.

இரவுப்பணி:
அந்தக் கேள்வியைக் கேட்கும்போது எதிரில் இருப்பவர் முகம் எப்படி மாறுகிறது என்பதில்தான் மீதி எல்லாம் இருக்கிறது. நான் அக்காவைப் பற்றி முதலில் சொன்னது புகார்க் குழுவிடம் அல்ல, எங்கள் பொறுப்புச் செவிலியரிடம். அதுவும் வேறு பேச்சின் நடுவே, பாதி வாக்கியமாக. அவர் கையிலிருந்த பேனாவை மூடி வைத்துவிட்டு, கதவைச் சாத்திவிட்டு, "உட்காரம்மா, முதலிலிருந்து சொல்" என்றார். "சரி, பார்க்கிறேன்" என்று அவர் எழுதிக்கொண்டே சொல்லியிருந்தால், அந்தப் பாதி வாக்கியத்தின் மறுபாதி வெளியே வந்திருக்காது.

உள்தணிக்கை:
இதைத்தான் நான் எழுதத் தேடிக்கொண்டிருந்தேன். பெரும்பாலான பணியாளர்கள் வெளியே போவதற்கு முன் உள்ளேதான் சொல்கிறார்கள். அதிலும் முதலில் தம் நேர் மேலதிகாரியிடம். ரோஜர் பாய்ஸ்ஜோலி என்ற பொறியாளர், சேலஞ்சர் விண்கலம் வெடிப்பதற்கு ஆறு மாதம் முன்பே, 1985 ஜூலையில், அதன் ராக்கெட் இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையங்களின் ஆபத்தைப் பற்றித் தம் நிறுவனத்துக்குள்ளேயே எழுத்தில் எச்சரித்தார். ஏவுதலுக்கு முந்தைய இரவும் அவரும் சக பொறியாளர்களும் குளிரில் ஏவ வேண்டாம் என்று வாதாடினார்கள். 1986 ஜனவரி 28 அன்று ஏழு பேர் இறந்தார்கள். சொல்ல ஆள் இருந்தார். உரிய இடத்தில்தான் சொன்னார். அதனால் பணியாளரின் மனநிலையை மட்டும் ஆராய்ந்துகொண்டிருப்பது எனக்கு உடன்பாடில்லை. கேட்பவர்களின் மனநிலையை யாராவது அதே அக்கறையோடு ஆராய வேண்டும்.

விமானத் துறையில் இதற்கு ஒரு வழி கண்டிருக்கிறார்கள். 1976 முதல் அமெரிக்காவில் விமானப் பாதுகாப்பு அறிக்கைகளைப் பெறுவது, தண்டிக்கும் அதிகாரம் கொண்ட அமைப்பு அல்ல, நாசா. வேண்டுமென்று செய்யாத விதிமீறலை 10 நாட்களுக்குள் தெரிவித்தவருக்குப் பொதுவாகத் தண்டனை விலக்கு உண்டு. பெயரை நீக்கிய பிறகே அறிக்கை மற்றவர்களின் பார்வைக்குப் போகும். பணமோசடிக்கு இது அப்படியே பொருந்தாது. ஆனால் பெறுகிற கையும் தண்டிக்கிற கையும் வேறாக இருக்க வேண்டும் என்பது எங்கும் பொருந்தும்.

கிளை மேலாளர்:
நேற்று என் அலுவலகத்துப் புகார்ப் பெட்டியைப் போய்ப் பார்த்தேன். நான்கு ஆண்டுகளுக்கு முன் நானே வைக்கச் சொன்னது. நிர்வாக அலுவலரின் கதவுக்குப் பக்கத்தில், கண்காணிப்புக் கேமராவுக்கு நேர் கீழே இருக்கிறது. சாவியும் அவரிடமே இருக்கிறது. கடைசியாக எப்போது திறந்தீர்கள் என்று கேட்டேன், நினைவில்லை என்றார். பொய்ப் புகார்களைப் பற்றி நான் எழுதியதை மறுக்கவில்லை, அந்த அலுவலர் பட்ட பாடு என் கண்ணிலேயே நிற்கிறது. ஆனால் உண்மைப் புகார்கள் ஏன் வரவில்லை என்று நான்கு ஆண்டுகளில் ஒரு முறைகூட நான் கேட்டதில்லை. ஒப்பந்தப் பணியாளர் கேட்ட கேள்விக்கும் என் அலுவலகத்தில் பதில் இல்லை. அவர்களுக்கு எந்த எண்ணைக் கொடுப்பது என்று தலைமை அலுவலகத்துக்கு இன்று எழுதியிருக்கிறேன்.

பேரேடு:
கிடங்கில் இருந்த அந்த அம்மாவின் எண்ணைத் தேடிப் பிடித்து, ஞாயிற்றுக்கிழமை பேசினேன். முதலில் தயங்கினார். பிறகு, இத்தனை நாளில் அந்தப் புகாரைப் பற்றித் தம்மிடம் கேட்ட முதல் ஆள் நான்தான் என்றார். விசாரணைக்கு யாரும் அழைக்கவில்லை; ஒப்புகைகூட வரவில்லை. மாறுதல் ஆணையில் புகாரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. எதைப் பற்றி எழுதினீர்கள் என்று கேட்டேன். வந்து சேராத சரக்குக்கு வரவுச் சீட்டில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள், போட மறுத்தேன், அதைத்தான் எழுதினேன் என்றார். வழங்கியவரின் பெயரைச் சொன்னார். என் மேசைக்கு வந்த 114, 115, 116 எண்ணிட்ட பில்களும் அதே பெயரில்தான் இருந்தன.

அவர் தம் கடிதத்தின் நகலைப் பத்திரமாக வைத்திருக்கிறார். அவருடைய சம்மதத்தோடு அதை வாங்கிக்கொண்டேன். எங்கள் பிரிவின் மற்ற மூவரிடமும் காட்டினேன். தணிக்கைக் குழுத் தலைவருக்கு எழுதிய கடிதத்தில் இப்போது நான்கு கையெழுத்துகள் இருக்கின்றன. அந்த அம்மாவின் புகார் என்ன ஆனது என்பதே அதில் நாங்கள் கேட்டிருக்கும் முதல் கேள்வி.